இரண்டு பேர் சொன்ன அர்த்தம்

இன்று பஜ்ஜி மடிக்க எடுத்த இங்கிலீஷ் பேப்பரில் எண்ணெய் பட்டதும் ஒரு நீளமான வார்த்தை மட்டும் பளிச்சென்று தெரிந்தது. பஜ்ஜியை வேறு தாளுக்கு மாற்றிவிட்டு அதை எடுத்து வைத்தேன். நீ இருந்திருந்தால் கையிலிருந்தே பிடுங்கியிருப்பாய்.

கரியாலூரிலிருந்து சாமையும் கொய்யாவும் கொண்டுவந்து, கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் என் அடுப்புக்குப் பக்கத்தில் கடை போட்டவள் நீ. அஞ்சாவதுக்கு மேல் நாம் இருவருமே போனதில்லை. உனக்கோ சின்ன இங்கிலீஷ் போதாது. என் பஜ்ஜித் தாள்களில் வாயில் நுழையாத வார்த்தையாகப் பார்த்துக் கரித்துண்டால் வட்டம் போட்டு, பஸ்ஸுக்கு நிற்பவர்களிடம் அர்த்தம் கேட்பாய். ஒருத்தர் சொன்னால் ஏற்க மாட்டாய். "தெரியாதவங்களும் தெரிஞ்ச மாதிரி சொல்வாங்கடி. ரெண்டு பேர் ஒண்ணா சொல்லட்டும்" என்பாய்.

"இன்னாடி, கலெக்டர் ஆவப் போறியா?" என்று ஒருநாள் கேட்டேன்.

"நீ ஒரு ஆப்ஸ்டினேட்டுடி."

"அப்படின்னா?"

"ஒங்க வூட்டு எருமை."

பிடிவாதம் பிடிப்பது என்று பிறகு ஒரு கண்டக்டர் சொன்னார். எருமையும் சரிதான்.

என் கழுத்துக் கட்டியைச் சோதித்த ரிப்போர்ட் ஒரு சனிக்கிழமை கைக்கு வந்தது. டாக்டர் திங்கட்கிழமைதான் வருவார். அதுவரை பொறுக்காமல் உன்னிடம் நீட்டினேன். எழுத்துக் கூட்டிக்கொண்டே வந்த நீ ஓரிடத்தில் நின்றாய்.

"பினைன்... நான் வட்டம் போட்ட வார்த்தைடி இது!"

"சாவா, பொழைப்பா? சொல்லித் தொலை."

"ஒருத்தர்தான் சொன்னாங்க. இரு."

கொய்யாக் கூடையை அப்படியே விட்டுவிட்டு மருந்துக்கடைக்கு ஓடினாய். திரும்பும்போது இரண்டு விரலைத் தூக்கிக்கொண்டு வந்தாய். "கெடுதல் பண்ணாத கட்டியாம்! ரெண்டு பேர் சொல்லிட்டாங்கடி!"

திங்கட்கிழமை டாக்டரும் அதையே சொன்னார். நீ அவர் எதிரிலேயே மூன்றாவது விரலையும் தூக்கினாய்.

இன்றும் மலைப்பு தீரவில்லை. பஜ்ஜி மடிக்கிற தாளில் கிடந்த ஒரு வார்த்தையை நீ எனக்காகவே முன்கூட்டிப் பொறுக்கி வைத்தாற்போல் இருந்தது. அப்படி எத்தனை பேருடைய வார்த்தைகளை நான் மிளகாய் பஜ்ஜியோடு சுருட்டிக் கொடுத்தேனோ!

போன மழைக்காலத்தில் நீ போய்ச் சேர்ந்துவிட்டாய். உன் இடத்தில் இப்போது செல்போன் கவர் விற்கிறார்கள். இன்றைய வார்த்தைக்குக் கரித்துண்டால் நானே வட்டம் போட்டேன். நர்சிங் படிக்கிற பெண் ஒருத்தி அர்த்தம் சொன்னாள். அழகான அர்த்தம்டி. ஆனால் உனக்கு இப்போது சொல்ல மாட்டேன்.

இன்னும் ஒருத்தர் சொல்லட்டும்.