இரண்டு நாள் பிந்திச் சொன்னது

வெள்ளவத்தை,
24.10.2025, வெள்ளிக்கிழமை.

அன்பின் ஜனாவுக்கு,

நானும் மாமியும் நலம். நீங்கள் டோஹாவில் நேரத்துக்குச் சாப்பிட்டு, சுகமாக இருக்க முருகனை வேண்டுகிறேன்.

கையில் போன் இருக்க இவள் ஏன் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் நாங்கள் என்ன கதைக்கிறோம்? மாமி ஸ்பீக்கரைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் இருப்பார். சாப்பிட்டியா என்று கேட்பீர்கள், ஓம் என்பேன். அதோடு சரி. வாட்ஸ்அப்பில் எழுதி எழுதி மூன்று தரம் அழித்தும் விட்டேன். கீழ்வீட்டு முர்ஷித் லீவு முடிந்து ஞாயிற்றுக்கிழமை அங்கே திரும்புகிறார். மாமி சுட்ட முறுக்குப் பார்சலுக்குள் இந்தக் கடிதத்தை வைத்து விடுகிறேன். தனியே இருக்கும்போது வாசியுங்கள்.

இங்கே ஐந்து நாளாக விடாத மழை. லிஃப்ட் மறுபடியும் வேலை செய்யவில்லை. மாமிக்கு முழங்கால் நோ, நாலு மாடி ஏற முடியாமல் கோயிலுக்கும் போகாமல் வீட்டிலேயே கந்தசஷ்டி பிடிக்கிறார். பள்ளிக்கூடத்தில் தவணைப் பரீட்சை வருகிறது. பதினோராம் வகுப்புப் பிள்ளைகள் நிகழ்தகவில் முழிக்கிறார்கள். அவர்களுக்குக் கணக்குப் படிப்பிக்கிற ரீச்சர் தன் சொந்தக் கணக்கில் என்ன செய்தாள் என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

செப்டெம்பர் இருபத்தெட்டாம் திகதி, நீங்கள் திரும்பிப் போன நாலாம் நாள், இந்த முறையும் பிள்ளை தங்கவில்லை என்று போனில் சொன்னேன். நீங்கள், பிழை என்னில, நீ இனி ஊசி மருந்தெண்டு உடம்பைக் கெடுக்காத, நான் இதுக்கெண்டு இனி வரேல்ல என்றீர்கள். அன்றிலிருந்து நீங்கள் அந்தக் கதையையே எடுப்பதில்லை. கிளினிக்கில் தந்த ரிப்போர்ட்டில் விந்தணு எண்ணிக்கை குறைவு என்று போட்டிருந்ததைப் பார்த்து, அதை நாலாய் மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்தீர்களே, அதுவும் எனக்குத் தெரியும். எயார்போர்ட்டுக்குப் போன அன்றும் அது பையில் இருந்தது.

பிழை உங்களில் இல்லை. என்னில். உடம்பில் இல்லை, வாயில்.

செப்டெம்பர் மூன்றாம் திகதி, புதன்கிழமை, மாமாவின் திவசம். போன வருடத் திவசத்தன்று எனக்கு மாதத் துடக்கு வந்து, கடையில் சோறு எடுத்துப் படைத்தது உங்களுக்கு நினைவிருக்கும். பிள்ளை பெறாததுதான் இல்லை, அந்த மனுசனுக்கு ஒரு நேரச் சோறு ஆக்கவும் இவளுக்குக் கொடுத்து வைக்கேல்ல என்று மாமி அந்த முழு வருடமும் சொன்னது உங்களுக்குத் தெரியாது. நான் சொல்லவில்லை. இந்த முறை செவ்வாய்க்கிழமை விடியவே எனக்கு வந்துவிட்டது. மாமி வாழைக்காய், பூசணிக்காய் எல்லாம் வாங்கி, புதுப் பானையும் கழுவிக் கவிழ்த்து வைத்திருந்தார். நான் வாய் திறக்கவில்லை. குளித்தேன், அடுப்படிக்குள் போனேன், பதினொரு கறி ஆக்கினேன். ஐயர் வந்து அரிசி காய்கறி வாங்கிக்கொண்டு போனார். காகம் உடனே எடுத்தது. மாமி அன்று என் தலையைத் தடவினார். கலியாணம் முடித்து ஒன்பது வருடத்தில் அதுதான் முதல் தடவை. அந்தத் தடவலுக்கு ஆசைப்பட்டுத்தான் கெட்டேன்.

வியாழக்கிழமை காலை, இன்றைக்குத்தான் துடக்கு என்று சொல்லி ஒதுங்கினேன். மாமி உடனே உங்களுக்குப் போன் எடுத்து அந்த நாளைச் சொன்னார். நீங்கள் அதிலிருந்து எண்ணி, பதின்மூன்றாம் திகதிக்கு லீவு போட்டீர்கள்.

அடுத்த நாள் கிளினிக்குக்கு மாமியும் வந்தார். நேர்ஸ் முதல் நாள் எப்போது என்று கேட்டா. மாமி முந்திக்கொண்டு வியாழன் என்றார். நேர்ஸ் என் முகத்தைப் பார்த்து, தினய ஹரித நங்கி, திகதி சரிதானே என்று சிங்களத்தில் திரும்பவும் கேட்டா. மாமிக்குச் சிங்களம் தேங்காய் வாங்கும் அளவுக்கும் வராது. அந்த இடத்தில் செவ்வாய் என்று ஒரு சொல் சிங்களத்தில் சொல்லியிருந்தால் இந்த உலகத்தில் யாருக்கும் ஒரு நட்டமும் வந்திராது. நான் ஹரி என்றேன். ஏன் என்று எத்தனையோ தரம் என்னையே கேட்டுவிட்டேன். இரண்டு நாளில் என்ன வந்துவிடப் போகிறது என்று நினைத்தேன். தனியே போன் பண்ணித் திருத்தலாம் என்றும் நினைத்தேன். பண்ணவில்லை. கிளினிக்கில் தந்த குளிசையை விழுங்கிக்கொண்டு, உங்களுக்குப் பிடித்த கூழுக்கு ஒடியல்மா எங்கே கிடைக்கும் என்று தேடித் திரிந்தேன்.

எனக்கு இருபத்தாறு நாளுக்கு ஒருக்கால் வருவது. பன்னிரண்டாம் நாளே முட்டை வெடிக்கும். செவ்வாயிலிருந்து எண்ணிப் பார்த்தால், நீங்கள் வந்து இறங்கிய அந்தச் சனிக்கிழமைதான் அது. சாம்பிளுக்காக மூன்று நாள் விலகியிருக்க வேண்டும் என்று சொல்லியிருந்தார்கள். நாங்கள் சொல்வழி கேட்கிற பிள்ளைகள் மாதிரி ஆளுக்கொரு பக்கம் திரும்பிப் படுத்தோம். நீங்கள் களைத்து உறங்கிவிட்டீர்கள். அதை நினைக்கத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

திங்கட்கிழமை ஸ்கேன் பண்ணும்போது நீங்கள் சாம்பிள் கொடுக்கப் போயிருந்தீர்கள். டொக்டர் திரையைப் பார்த்துக்கொண்டே இருந்தார். முட்டை வெடித்து ஒரு நாளுக்கு மேல் இருக்கும், வெடித்தால் ஒரு நாள்தான் அதற்கு உயிர், நீங்கள் சொன்ன நாளோடு கணக்கு இடிக்குதே, திகதி பிழையோ என்று கேட்டார். மூன்றாம் தரமும் இல்லை என்றேன். வெளிநாட்டிலிருந்து வந்த மனுசனை வெறுங்கையோடு அனுப்ப மனமில்லாமல், சாம்பிளை உள்ளே வைத்துப் பாப்பம் என்றார். திரும்பி வந்த நீங்கள் அந்தப் பாப்பம் ஒன்றைத்தான் கேட்டீர்கள். மிச்சத்தை நான் உங்களுக்குச் சொல்லவில்லை. ஒன்பது நாள் நீங்கள் என்னைப் படி ஏறவிடாமல், வாளி தூக்கவிடாமல் பார்த்தீர்கள். லிஃப்ட் இல்லாத நாளில் நாலு மாடிக்கும் என் கையைப் பிடித்துக்கொண்டு ஏறினீர்கள். அந்தக் கைக்குள் ஒன்றும் இல்லை என்று தெரிந்துகொண்டே நான் ஏறினேன்.

எண்ணிக்கை குறைவுதான், ஆனால் இந்த முறைக்குப் போதும் என்றுதான் டொக்டர் சொன்னார். உறைய வைத்தால் அந்த அளவு தப்பாது, ஆள் வரத்தான் வேண்டும் என்றும் சொன்னார். எனக்கு முப்பத்தெட்டு. இன்னும் ஒரு வருடம் காத்திருக்க என் முட்டைகளுக்கு நேரமில்லை என்பதையும் நீங்கள் இல்லாத நேரத்தில்தான் சொன்னார்.

இன்று சஷ்டி மூன்றாம் நாள். பிள்ளை வரம் கேட்டு நானும் ஒரு நேரச் சாப்பாட்டோடு இருந்தேன். காலையில் துடக்கு வந்துவிட்டது. இந்த முறை உடனே அடுப்படி வாசலில் நின்று மாமியிடம் சொன்னேன். அதோடு நிற்காமல் செப்டெம்பர்க் கதையையும் சொன்னேன். மாமி கதிரையைப் பிடித்துக்கொண்டு இருந்தார். அப்ப அந்தாள் துடக்குச் சோறோ சாப்பிட்டவர் என்று முதலில் கேட்டார். நான் ஓம் என்றேன். வெகுநேரம் மாமாவின் படத்தைப் பார்த்தார். பிறகு, அப்ப என்ர பிள்ளையில பிழையில்லையே, ஜனாவில பிழையில்லையே என்று இரண்டு தரம் கேட்டு அழத் தொடங்கினார். சந்தோசத்தில் அழுதார். எனக்கு அந்தச் சந்தோசத்தில் பங்கில்லை. ஆனாலும் உங்களுக்காக ஒருவர் சந்தோசப்பட்டது நல்லதுதான். என்னோடு மாமி இன்னும் கதைக்கவில்லை.

நான் கேட்பது மன்னிப்பு இல்லை. அது உங்கள் விருப்பம். அந்த மடித்த காகிதத்தை எடுத்துக் கிழித்துப் போடுங்கள், அது முதலாவது. இரண்டாவது, இந்த மாதம் நீங்கள் வர நேரம் போதாது. அடுத்த துடக்கு நவம்பர் பத்தொன்பது. அன்று விடியவே, யார் பக்கத்தில் இருந்தாலும், உங்களுக்கு நானே போன் எடுத்துச் சொல்வேன். அப்படியென்றால் முட்டை வெடிப்பது நவம்பர் முப்பது. நாலு நாள் லீவு போதும். கலண்டரில் குறித்து, எல்லாருடைய கண்ணும் படுகிற மாதிரிச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் மாட்டியிருக்கிறேன்.

வந்து என்னோடு கதைக்காமல் இருந்தாலும் பரவாயில்லை. கோபத்தோடேயே வாருங்கள், ஜனா. ஆனால் நவம்பர் இருபத்தெட்டாம் திகதிக்குப் பிந்த வேண்டாம்.

முருகன் உங்களுக்குத் துணையிருக்கட்டும்.

இப்படிக்கு,
உங்கள்
உஷாந்தி