இரண்டு அந்தரும் ஐந்து றாத்தலும்

இன்று காலை மருதனார்மடம் சந்தையில் வெங்காய மூட்டை ஒன்றைத் தராசில் ஏற்றிய வியாபாரி, "சரியா ஒரு அந்தர்" என்றார். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பக்கத்தில் நின்ற பெண் என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். அந்தர் என்றால் நூற்றுப் பன்னிரண்டு றாத்தல், கிட்டத்தட்ட ஐம்பது கிலோ என்பது அவளுக்குத் தெரியும். அதே சந்தையில் நான் என் புருஷனை நிறுத்துப் பார்த்த கதை அவளுக்கு எப்படித் தெரியும்? வீட்டுக்கு வந்ததும் அந்தப் புருஷனான உங்களுக்கே எழுத உட்கார்ந்துவிட்டேன்.

கொழும்பில் ஒரு கம்பனிக்காக நீங்கள் சம்பளத்துக்கு உதைபந்து ஆடிய நாட்களில்தான் நான் சமைக்கப் பழகினேன். காலையில் நாலு முட்டை, மத்தியானம் ஆட்டிறைச்சியும் இரண்டு பேருக்கான சோறும். பின்னேரம் ஓடி ஆடி எல்லாவற்றையும் கரைத்துவிட்டு வருவீர்கள். எண்பத்துமூன்று கலவரத்தில் கப்பலேறி யாழ்ப்பாணத்து ஊருக்கு வந்தோம். வீட்டுச் சாமான்கள், நீங்கள் வென்ற கிண்ணங்கள் எல்லாம் போயின. உங்கள் பசி மட்டும் பத்திரமாக வந்து சேர்ந்தது. இரும்புக் கடையில் கதிரையில் இருந்து பார்க்கும் வேலை, போய்வர மோட்டார் சைக்கிள், சாப்பாட்டுக் கோப்பையில் மட்டும் அதே அளவு சோறு. "பந்தடிச்ச உடம்பு, கேக்கும்தானே" என்பீர்கள். ஊரார் உங்கள் வயிற்றைப் பார்த்து, "ஆள் நல்லா வந்திட்டார்" என்று என்னைத்தான் மெச்சினார்கள். நானும் உச்சி குளிர்ந்து போனேன்.

நாலைந்து வருடம் கழித்து வலது காலின் பெருவிரலில் ஒரு புண் வந்தது. நீங்கள் கோல் அடித்த கால். புண் ஆறவே இல்லை. சலரோகம், இரத்தத்தில் சீனி கூடிவிட்டது என்றார் டொக்டர். "நிறையைக் குறைக்காட்டி விரலை எடுக்கவேண்டி வரும். பிறகு அது விரலோடை நிக்காது" என்றார். நீங்களோ வாசலுக்கு வந்ததும், "உந்த ஆஸ்பத்திரித் தராசு பிழை. என்ரை உடம்பிலை கொழுப்பில்லை, முழுக்கத் தசை" என்றீர்கள்.

அடுத்த நாளே உங்களைச் சந்தைக்கு இழுத்துக்கொண்டு போனேன். அங்கே அப்போதிருந்த வெங்காய வியாபாரியின் தராசு பொய் சொல்லாது என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தவர் நீங்கள்தான். செருப்பைக் கழற்றிவிட்டு ஏறி நின்றீர்கள். அவர் தராசுக் குண்டை மெல்ல மெல்லத் தள்ளிப் பார்த்து, சங்கடத்தோடு, "ரெண்டு அந்தர். மேலை அஞ்சு றாத்தல், அண்ணை" என்றார். மூட்டை நிறுத்தால் சாக்கின் நிறையைக் கழிப்பது சந்தை வழக்கம் அல்லவா? நீங்கள் உடனே கேட்டீர்கள்: "சாக்குக்குக் கழிச்சாச்சோ?" சந்தையே சிரித்தது.

வீட்டுக்கு வந்தபோது அந்தச் சிரிப்பு இல்லை. "நீர் போட்டதைத்தானே திண்டனான்" என்றீர்கள். எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. ஆனால் அது உண்மை. ஒரு அகப்பை சோற்றைக் குறைத்தால் உங்கள் ஆட்டம் முடிந்துவிட்டது என்று நானே சொன்னதாகிவிடுமே என்று பயந்துதான் வருடக்கணக்காகக் கோப்பையை நிறைத்து வைத்தேன். அன்றைக்குத்தான் வாயைத் திறந்தேன்.

"இஞ்சாருங்கோ, மட்ச் முடிஞ்சுது. கப்பலிலை ஏறின அண்டைக்கே முடிஞ்சுது."

"எனக்குத் தெரியும். நீர் இன்னும் ஒரு ஆட்டக்காரனுக்கெண்டு சமைக்கிறீர். அதை ஏன் கெடுக்கவேணும் எண்டு திண்டனான்" என்றீர்கள். இரண்டு பேரும் ஒருவருக்காக ஒருவர் நடித்து, ஒரு காலையே பறிகொடுக்கப் பார்த்திருக்கிறோம்.

மறுநாளிலிருந்து அரிசிமாவுக்குப் பதில் குரக்கன் மாவில் பிட்டு, கீரை, அரைக் கோப்பைச் சோறு. "உது ஆட்டுக்குப் போடுற சாப்பாடெல்லோ" என்று முணுமுணுத்துக்கொண்டே சாப்பிடுவீர்கள். பின்னேரங்களில் உங்கள் காலை என் மடியில் தூக்கி வைத்துப் புண்ணைக் கழுவிக் கட்டுவேன். ஆற நாலு மாதம் பிடித்தது.

தொண்ணூறில் சண்டை தொடங்கி, பெற்றோல் வருவது நின்றது. அதற்காக யாழ்ப்பாணத்தில் உள்ளுக்குள் சந்தோஷப்பட்ட ஒரே பெண் நானாகத்தான் இருப்பேன். மோட்டார் சைக்கிளைச் சாக்கால் மூடிவிட்டுச் சைக்கிளில் ஏறினீர்கள். ஒருநாள் கரவெட்டியில் இருக்கும் அக்கா வீட்டுக்கு என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு மிதித்தீர்கள். மரமே இல்லாத வல்லை வெளியில் எதிர்க்காற்று ஆளைத் தள்ளியது.

"இறங்கி நடப்பமே?" என்று கேட்டேன்.

"பேசாமல் இரும். நீர் ஒரு அந்தரும் வரமாட்டீர்" என்றீர்கள்.

உங்கள் முதுகு நனைந்திருந்தது. மூச்சு மட்டும் சீராக இருந்தது. கலியாணம் கட்டிய நாளைவிட அன்று எனக்கு உங்களைப் பிடித்திருந்தது.

அதற்குப் பிறகும் எத்தனையோ வருடம் அந்தக் காலால் நடந்தீர்கள். போன மாசியில், மூப்பும் காய்ச்சலுமாக நீங்கள் போனபோது, உங்கள் பாதங்களை நான்தான் ஈரத்துணியால் துடைத்தேன். துடைக்கும்போது கை தானாக விரல்களை எண்ணியது. பத்தும் இருந்தன. அழுதேன்தான். ஆனால் உங்களை முழு ஆளாக அனுப்பி வைக்கிறேன் என்ற நிறைவும் அந்த அழுகைக்குள் இருந்தது. இப்போது அந்த நிறைவோடுதான் ஒருத்திக்கு மட்டும் அளந்து சோறு போட்டு, தனியாகச் சாப்பிட உட்காருகிறேன்.