கொடுவாவின் கண்ணுக்கு டோர்ச் அடித்தவனுக்கு

இன்று காலை வெள்ளவத்தைச் சந்தையில் மீன்காரன் ஒரு கொடுவாவைத் தூக்கி, "கண்ணைப் பாருங்க ஐயா, இப்ப வந்த மீன்" என்று ஃபோன் வெளிச்சத்தை அதன் முகத்தில் அடித்தான். கண் சிவப்பாக எரிந்தது. எனக்கு உன் ஞாபகம் வந்தது. ஒன்றும் வாங்காமல் வந்துவிட்டேன். செத்தவனை ஏசக்கூடாது என்பார்கள். நீ உயிரோடு இருந்தபோதும் நான் ஏசவில்லையே, அந்தப் பாக்கி கிடக்கிறது.

முகத்துவாரத்தில் உன் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே சுவர். களனி ஆற்று வாயில் உன்னைக் கேட்காமல் எந்த மீனும் நுழையாது என்பது உன் பேச்சு. பேச்சுப் பல்லக்கு, தம்பி கால்நடை. உயிர் இறாலைத் தூண்டிலில் குத்தச் சொன்னால் உன் கையில் அது செத்துப்போகும். உன் தூண்டிலுக்கும் நான்தான் குத்திக் கொடுப்பேன். மீன் ஏறினால் மட்டும் ஒழுங்கையில் வீட்டுக்கு வீடு அது உன் மீன்.

கொடுவா இருட்டில்தான் கரைக்கு வரும். கடல் ஏறி ஆற்றுக்குள் தள்ளும் நேரம், கல்லணையில் குந்தியிருந்து நூலை விரலில் சுற்றிக்கொண்டு பொறுத்திருக்க வேண்டும். மீன் கல்லுக்குக் கிட்ட வந்த பிறகுதான் வெளிச்சம், அதுவும் காலடிக்கு மட்டும். கடல் பக்கம் வெளிச்சம் காட்டக்கூடாது என்று அந்த யுத்த காலத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும். புலிகளின் படகுக்கு சிக்னல் என்று சொல்லி அள்ளிக்கொண்டு போவார்கள். உனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் மீனின் கண் எரிவதைப் பார்க்காமல் உனக்கு இருப்புக் கொள்ளாது.

"மச்சான், அந்தா பார், கண் எரியுது" என்று டோர்ச்சை நேரே கடலுக்கு அடித்தாய்.

"நூரடா அதை, வெளிச்சம் வேண்டாம்" என்றேன். நீ இன்னும் இரண்டு தரம் அடித்தாய். நான் மீனை இழுத்துக் கல்லில் போடவும் ரோந்து வந்தவர்களின் சப்பாத்துச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. அந்த நிமிடம் டோர்ச் என் மடியில் கிடந்தது. எப்படி வந்தது என்று நீதான் சொல்ல வேண்டும். உன் சிங்களம் தேன் மாதிரி. "மே மினிஹாவ மம அந்துனன்னே நே, சேர்" என்றாய். இந்த ஆளை எனக்குத் தெரியாது, சேர். சுவரை அடுத்த வீட்டுக்காரனை, உன் மகளுக்குக் காது குத்தும்போது மடியில் வைத்திருந்தவனை.

என்னை ஜீப்பில் ஏற்றினார்கள். நீ மீனை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாய். தூ. அடுத்த நாள் மத்தியானம் வால் பக்கத்துத் துண்டு இரண்டை வாழை இலையில் சுற்றி என் மனைவிக்குக் கொடுத்தனுப்பினாயாம், "சும்மா விசாரணைதான், விட்டுவிடுவாங்கள்" என்ற செய்தியோடு. அதற்குப் பிறகு எங்கள் வாசல் பக்கம் உன் நிழல்கூட விழவில்லை.

அலைந்தவள் இவள். கைப்பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு நாள் தவறாமல் பொலிஸ் வாசலில் நின்றாள். அரைகுறைச் சிங்களத்தில் என் தூண்டில் நூலைப் பொலிஸ் பெரியவரின் மேசையில் வைத்து, "அவரின் விரலைப் பாருங்க, சேர்" என்றிருக்கிறாள். என் ஆள்காட்டி விரலில் நூல் அறுத்து அறுத்துப் பள்ளம் விழுந்திருக்கும். அந்த மனுசன் நீர்கொழும்புப் பக்கத்துக்காரன், மீன்பிடி தெரிந்தவன். என் விரலைத் தடவிப் பார்த்தான். இரண்டு நாளில் என்னை விட்டான்.

பல வருசங்களுக்குப் பிறகு உன் செத்த வீடு. கொட்டாஞ்சேனையில் உன் மகள் அழுதழுது வீங்கிய முகத்தோடு என் கையைப் பிடித்தாள். "மாமா, உங்களை பொலிஸில இருந்து எடுத்துவிட்டது தான்தான் எண்டு அப்பா எப்பவும் சொல்லுவார். வந்திருக்கிற ஆக்களுக்கு அதை நீங்க ஒருக்காச் சொல்லுங்கோ."

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. வாயைத் திறந்தேன். அதற்குள் பக்கத்தில் நின்ற என் மனைவி முந்திக்கொண்டாள். "ஓம் மகள், உங்கட அப்பாதான் ஓடித் திரிஞ்சவர். அவர் இல்லாட்டி எங்கட குடும்பம் இல்லை" என்று எல்லோருக்கும் கேட்கச் சொன்னாள்.

பஸ்ஸில் வரும்போது, "உனக்கு விசரா? ஏன் அப்படிச் சொன்னாய்?" என்று சீறினேன்.

"அந்தப் பிள்ளைக்கு இருந்தது ஒரு அப்பா. இண்டைக்கு அதையும் பறிக்கிறதா? ஆர் உங்களை எடுத்தது எண்டு உங்களுக்குத் தெரியும். எனக்கு அது காணும், வேற ஒண்டும் வேண்டாம்" என்றாள்.

எனக்குக் காணாதடா. ஆனாலும் இவள் சொன்னதை நான் பொய்யாக்க மாட்டேன். உன் மகள் எங்கே கண்டு கேட்டாலும் உன் பெயரைத்தான் சொல்வேன். சொல்லும் ஒவ்வொரு தரமும் உன்னை இன்னும் கொஞ்சம் வெறுப்பேன்.