கெய்ரோவில் நான் சொன்ன முதல் ஓடர்

என் அருமை வாயாடி வதனிக்கு,

முதலில் எங்கேயாவது இருந்துகொள். நின்றுகொண்டு கேட்டாயென்றால் விழுந்துவிடுவாய். நான் எகிப்துக்குப் போய்வந்துவிட்டேன். ஓமடி, நான்தான். தனியாக! பிரமிட்டைப் பார்த்தேன், நைல் நதியில் படகில் போனேன், ஒட்டகத்தில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்து வென்றேன். அதெல்லாம் ஃபோனில் படமாக இருக்கிறது, ஊரே பார்த்துவிட்டது. உனக்குச் சொல்ல வந்தது சாப்பாட்டுக் கதை. அதை வேறு யாருக்குச் சொன்னாலும் அரைவாசிதான் விளங்கும்.

இதை யாராவது எட்டிப் பார்த்து வாசித்தால் வாசிக்கட்டும். அவர்களுக்காக ஒரு சொல்: வதனியும் நானும் பாரிசில் ஒரே பள்ளிக்கூடத்துக் கன்ரீனில் இருபது வருடத்துக்கு மேல் ஒன்றாக வேலை செய்தவர்கள். தட்டோடு வரிசையில் வருகிற பிள்ளைகளை ‘இது வேணுமா, அது வேணுமா’ என்று கேட்டுக் கேட்டுப் பரிமாறுகிற வேலை. மாதத்தில் ஒரு சனிக்கிழமை மட்டும் எங்களுக்கு வேறு யாராவது பரிமாறுவார்கள். வதனி செவ்ரானிலிருந்து வருவாள், நான் சென் தெனியிலிருந்து. தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பல் தெருவில் சந்தித்து, மரக்கறி வாங்குகிற சனத்தை இடித்துக்கொண்டு நடந்து, ஏதாவது ஒரு வேற்று நாட்டுச் சாப்பாட்டுக்கடைக்குள் நுழைவோம். ‘எங்கடை சாப்பாடு வீட்டிலை கிடக்கு, அதுக்கேன் வெளியிலை?’ என்பது அவள் போட்ட சட்டம்.

மெனு இரண்டு வரும். என்னுடையதையும் நீயே வாங்கி வைத்துக்கொள்வாய். கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிவிட்டு, பரிமாற வந்த பெடியனைப் பொலிஸ்காரன் மாதிரி விசாரிப்பாய். இதற்குள் என்ன போடுகிறீர்கள், அது எண்ணெயில் மிதக்குமா, மீன் இன்றைக்கு வந்ததா? அவனுக்கு வேர்த்துப் போகும். பிறகு எனக்கு இது, உனக்கு அது என்று தீர்ப்பு வரும். நான் ஒரு நாளும் மறுத்துப் பேசியதில்லை. ஏன் பேச வேண்டும்? வீட்டில் இவருக்கு என்ன பிடிக்கும், மகளுக்கு என்ன பிடிக்கும் என்று யோசித்தே களைத்துப் போனவள் நான். எனக்காக ஒருத்தி யோசிக்கிறாளே என்பது எவ்வளவு சுகம் தெரியுமா?

ஐப்பசியில் நீ போய்விட்டாய். மாசி லீவுக்கு எகிப்து என்று இரண்டு பேருக்கும் சேர்த்து நீதான் பதிந்து வைத்திருந்தாய். உன்னுடைய இடத்தை நிற்பாட்டச் சொல்லிப் பயணக் கொம்பனிக்கு ஃபோன் எடுத்தேன். என்னுடையதையும் நிற்பாட்டுவதா என்று அங்கே கதைத்த பிள்ளை கேட்டபோது, பிறகு சொல்கிறேன் என்று ஃபோனை வைத்துவிட்டேன். இவருக்கு வந்ததே கோபம்!

“உமக்கென்ன விசரே? அங்கை மணலும் ஒட்டகமும்தான். என்னத்தைத் தின்பீர்?”

மகள் வழக்கம்போல பிரெஞ்சில், போய்வா அம்மா, அப்பாவை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றாள். அவள் சொன்னதையே பிடித்துக்கொண்டேன்.

எனக்கு மணலும் பயமில்லை, ஒட்டகமும் பயமில்லை. பயணத் திட்டத்தில் இருந்த ஒரு வரிதான் என்னை வெருட்டியது. மற்ற நாளெல்லாம் சுற்றுலாக் கூட்டத்தோடு ஹோட்டல் சாப்பாடு. கெய்ரோவில் இரண்டு மத்தியானம் மட்டும் ‘சாப்பாடு உங்கள் விருப்பம்’ என்று போட்டிருந்தார்கள். பாரிசுக்கு வந்து இத்தனை வருடத்தில் ஒரு கடையில் தனியாக இருந்து, எனக்கு இதுதான் வேண்டும் என்று ஒரு நாளாவது சொல்லியிருக்கிறேனா? இல்லை.

ஒத்திகை பார்க்கலாமென்று லாச்சப்பலில் ஒரு தோசைக்கடைக்குள் போனேன். கதிரையை இழுக்கக்கூட இல்லை, நாங்கள் இரண்டு பேரும் அந்த வழியால் போவதைப் பார்த்துப் பழகிய கல்லாக்காரர் கேட்டார்.

“என்னக்கா, தனியவோ? மற்ற அக்கா வரேல்லையே? பார்சலோ?”

“ஓம் தம்பி, பார்சல்தான்,” என்று சொல்லிவிட்டேன். கார் து நோர் ஸ்டேசனில் ஒரு மர வாங்கில் குந்தியிருந்து, தோசையை ஒளித்து ஒளித்துத் தின்றேன். வெட்கக்கேடு. நீ பார்த்திருந்தால் ஒரு கிழமைக்குச் சிரித்திருப்பாய்.

கெய்ரோவில் முதல் மத்தியானம் கடவுள் என் பக்கம். கூட்டத்தில் வந்த பிரெஞ்சுக் கிழவர்கள் எல்லோரும் பொரித்த கோழிக் கடையைத் தேடி ஓடினார்கள். நான் நேரே கொஷாரிக் கடைக்குள் போனேன். ஏன் தெரியுமா? அங்கே இருப்பது ஒரே ஒரு சாப்பாடு! சின்னக் கோப்பையா, பெரிய கோப்பையா என்பது மட்டும்தான் கேள்வி. சோறு, மக்கரோனி, பருப்பு, கடலை எல்லாம் ஒன்றாகக் கொட்டி, மேலே தக்காளிக் குழம்பு விட்டு, அதற்கு மேலே மொறுமொறுவென்று பொரித்த வெங்காயம். சோற்றுக்குள் மக்கரோனியா என்று நானும் முகத்தைச் சுழித்தேன். இரண்டு வாய் வைத்ததும் சுழித்த முகம் நேராகிவிட்டது. வெள்ளிக்கிழமை விரதகாரரும் தாராளமாகச் சாப்பிடலாம். போகிறவர்கள் தவறவிடாதீர்கள்.

ஆனால் தனியாகச் சாப்பிட விட்டார்களா? என் மேசையில் இரண்டு பெண் பிள்ளைகளோடு ஒரு தாய் வந்து இருந்தா. எங்களுக்குள் பொதுவாக ஒரு சொல்கூட இல்லை. என் கோப்பையைப் பார்த்து, ஐயையோ இப்படியா சாப்பிடுவது என்று தலையில் கை வைத்தா. உள்ளிப்பூண்டும் வினாகிரியும் கலந்த தண்ணீரைத் தானே எடுத்து ஊற்றினா. சிவப்பாக ஒரு போத்தல் இருந்தது, உறைப்பென்றால் எங்களுக்குத் தெரியாததா என்று நான் கையைக் காட்ட, அதையும் ஊற்றினா. காது இரண்டாலும் புகை வந்தது! பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரித்துவிட்டு, தங்கள் கரும்புச்சாற்றை என்னிடம் தள்ளினார்கள். எனக்கோ கண்ணால் தண்ணீர் ஓட ஓடச் சிரிப்பு. எடியே, ஊருக்கு ஊர் வதனி இருக்கிறாளடி என்று நினைத்தேன்.

சந்தோசம்தான். ஆனாலும் அன்றைக்கும் எனக்காக இன்னொருத்திதான் முடிவெடுத்தாள்.

இரண்டாவது மத்தியானம்தான் கடைசி நாள். அதுவும் போனால், அந்தத் தோசைப் பார்சல் மாதிரி ஒளித்துத் தின்பதுதான் என் வாழ்க்கை என்று எனக்குத் தெரியும். வேண்டுமென்றே பெரிய மெனு உள்ள கடையாகப் பார்த்து நுழைந்தேன். மேசை விரிப்புப் போட்ட கடை. நரைத்த மீசையோடு ஒரு பெரியவர் வந்தார். கன்னியாஸ்திரிகளின் பள்ளிக்கூடத்தில் பிரெஞ்சு படித்தவராம். அவருடைய பிரெஞ்சுக்கு முன்னால் என்னுடையது நொண்டி.

“மதாம் என்ன விரும்புகிறீர்கள்?”

“இங்கே எது நல்லதோ அதையே கொண்டுவாருங்கள்.”

“எனக்கு நல்லது ஈரல்,” என்றார். “உங்களுக்கு ஈரல் பிடிக்குமா?”

“தெரியாது,” என்றேன்.

அந்தச் சொல் வெளியே வந்த பிறகுதான் அது எவ்வளவு உண்மை என்று விளங்கியது. பேரப்பிள்ளை காண்கிற வயதில், தனக்கு என்ன பிடிக்குமென்று தெரியாத ஒருத்தி! அந்த மனிதர் சிரிக்கவில்லை. ரொட்டியும் எள்ளுச் சம்பலும் கொண்டுவந்து வைத்து, அவசரமில்லை மதாம் என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் போனார். எனக்கு அழுகை வந்துவிட்டது, வதனி. உன் செத்தவீட்டில் வராத அழுகை. ரொட்டியைக் கையில் வைத்துக்கொண்டு விக்கி விக்கி அழுதேன். நீ இல்லாமல் போனதற்கு அழுதேனா, நான் யாரென்று தெரியாததற்கு அழுதேனா, எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

மூக்கைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தபோது பக்கத்து மேசையில் ஒருவர் பச்சைக் குழம்பொன்றைக் கரண்டியால் அள்ளினார். அது நூல் மாதிரி இழுபட்டுக்கொண்டே வந்தது. முலூக்கியா என்று ஒரு கீரை. ‘சீ! மூக்குச்சளி!’ என்று நீ கத்துவது எனக்குக் காதில் கேட்டது. வழுவழுவென்று எதைக் கண்டாலும் உனக்கு ஆகாது. வெண்டிக்காய், பசளி எல்லாம் உன் மேசைக்கு வரவே கூடாது. எனக்கோ, உண்மையைச் சொல்கிறேன், வாயூறியது.

கையை உயர்த்தினேன். “அது எனக்கு வேண்டும்.”

“முலூக்கியாவா? வெளிநாட்டுக்காரர் அதிகம் கேட்கமாட்டார்கள். நிச்சயமாகவா?”

“நிச்சயமாக.”

கொஞ்ச நேரத்தில் அவர் வந்து குனிந்து, அடுப்படிப் பக்கம் கை காட்டி, கேளுங்கள் என்றார். உள்ளேயிருந்து ஒரு பெண் பெரிதாக மூச்சை இழுத்து “ஹா!” என்று அலறினாள். நான் கதிரையை விட்டே எழும்பிவிட்டேன். அவருக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உள்ளியையும் கொத்தமல்லியையும் நெய்யில் பொரித்துக் கீரைக்குள் கொட்டுகிற அந்த நேரம், சமைக்கிறவள் அப்படித் திடுக்கிட வேண்டுமாம். இல்லாவிட்டால் முலூக்கியா சரிவராதாம். அவர் மனைவி வீட்டில் போடுகிற சத்தத்தில் பூனை ஓடிவிடுமாம்.

வந்தது. சோற்றில் விட்டு, தேசிக்காய் பிழிந்து, கரண்டியைத் தள்ளி வைத்துவிட்டு ஐந்து விரலாலும் குழைத்துச் சாப்பிட்டேன். ஐயோ, அந்த உள்ளி வாசம்! அந்த வழுவழுப்பு! கோப்பை முடிந்ததும் இன்னொன்று கொண்டுவாருங்கள் என்றேன். ஒருவரும் என்னைக் கேட்கவில்லை. நானாகச் சொன்னேன்.

இரண்டாவது கோப்பையின் நடுவில் ஒரு பயம் வந்தது. உனக்கும் எனக்கும் ஒத்துப்போகாத ஒன்றை நான் கண்டுபிடித்துவிட்டேனே, உன்னை விட்டு விலகிப் போகிறேனோ என்று. பிறகு யோசித்தேன். நீ இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? மேசையை விட்டு எழும்பிப் போகிறேன் என்று வெருட்டியிருப்பாய். நான், போடி, எனக்குப் பிடிக்கும் என்று சொல்லியிருப்பேன். எவ்வளவு நல்ல சண்டையாக இருந்திருக்கும்! இத்தனை வருடத்தில் நாங்கள் ஒரு சண்டைகூடப் பிடிக்கவில்லையே என்பதுதான் இப்போது எனக்குக் கவலை.

திரும்பி வந்த கிழமையே சென் தெனிச் சந்தையில் குளிரூட்டின முலூக்கியாப் பைக்கற்று வாங்கினேன். உள்ளியைப் பொரித்துக் கொட்டும்போது என் பங்குக்கு ஒரு “ஹா!” போட்டேன் பார், இவர் குளியலறைக்குள்ளிருந்து சவுக்காரத்தோடு ஓடி வந்தார்.

“என்னப்பா, கையைச் சுட்டுப்போட்டீரே?”

“இல்லை, சமைக்கிறன்.”

சட்டிக்குள் எட்டிப் பார்த்தவர் உன்னைப் போலவே சொன்னார். “சீ, இதென்ன சளி மாதிரி! ஆருக்கு இது?”

“எனக்கு,” என்றேன். அவருக்கு முட்டை பொரித்துக் கொடுத்தேன். மகள் என்னோடு இருந்து, பிரெஞ்சில் ஆகா ஓகோ என்று இரண்டு தட்டுச் சாப்பிட்டாள். வீடு முழுக்க உள்ளி மணம், நல்ல சிரிப்பு.

ஆகவே வதனி, உனக்கு ஒரு வாக்குத் தருகிறேன். சனிக்கிழமைகளை நான் விடப்போவதில்லை. ஈரலில் தொடங்கி, நீ எனக்கு ஓடர் பண்ணவே விடாத ஒவ்வொரு சாப்பாட்டையும் தேடிப் போய், நானே கேட்டு, தனியாக இருந்து சாப்பிடுவேன். பிடித்தால் பிடித்தது என்று உன்னிடம் வந்து சொல்லுவேன். நீ அங்கேயிருந்து கத்து. இந்த முறை நான் திருப்பிக் கத்துவேன்.

உன் வாயாலேயே வளர்ந்து, இப்போது தனக்கும் ஒரு வாய் இருப்பதைக் கண்டுபிடித்த
உன் தங்கச்சி,
சாந்தி