குங்குமத்துக்கு அடியில் ஒரு நம்பர்

1957 ஜூன் 9, ஞாயிறு

விடிந்ததிலிருந்து மழை. மஸ்கெலியாவுக்குப் பூசைக்குப் போகவில்லை. குடைக்கம்பி இரண்டு உடைந்து கிடக்கிறது. ஆண்டவர் மன்னிப்பார், என் சளி மன்னிக்காது.

மத்தியானம் வள்ளியம்மை வந்தாள். நீளப் பெயர், இனி வ. என்றே எழுதுகிறேன். கீழ் டிவிசன், ஏழாம் லய வரிசை வீடு, தேயிலைக் கொழுந்தெடுப்பவள். ஒரே மகள் சரோஜா, பதினெட்டு வயது. அவளைப் பூண்டுலோயாவிலிருந்து பெண் கேட்டு வந்திருக்கிறார்கள். ஆவணியில் கல்யாணம். எல்லாம் ஒத்துப் போய்விட்டது, ஒன்றைத் தவிர. மாப்பிள்ளையின் தாய் நேராகவே கேட்டுவிட்டாளாம்: "பொண்ணோட அப்பா இருக்காரா, இல்லையா? ஒண்ணு சொல்லிருங்க. பந்தல்ல ஆரத்தி எடுக்கிறது யாருன்னு எங்களுக்குத் தெரியணும்ல."

வ.வின் புருஷன் பட்டாளத்துக்குப் போனவர். ஜப்பான்காரனிடம் கைதியானார். சண்டை முடிந்து பன்னிரண்டு வருஷம். யார் கேட்டாலும் வ.வின் பதில் ஒன்றுதான்: "வருவாரு." இன்று என்னிடம் மட்டும் வேறு மாதிரி சொன்னாள்.

"மிஸியம்மா, நீங்க இங்கிலீசு படிச்சவங்க. ஒரு காயிதம் போட்டுப் பாருங்களேன். எதுன்னாலும் சரி, தெரிஞ்சாப் போதும்."

"எதுன்னாலும்" என்றபோது அவள் கை தாலியைப் பிடித்துக்கொண்டிருந்தது.

சரி என்றுவிட்டேன். பிரசவம் பார்ப்பது என் வேலை, பட்டாளத்தைத் தேடுவது அல்ல. ஆனால் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க எனக்கு எப்போது தெரிந்தது?

ஜூன் 11, செவ்வாய்

தோட்டத்து ஆபீசில் பழைய கடிதக் கட்டைக் கேட்டு வாங்கினேன். ஒரே கரப்பான் எச்சம். தும்மல் பதினைந்து.

இதுவரை தெரிந்தது:

— பெயர் முத்துசாமி. (வ. சொல்லவில்லை. புருஷன் பெயரைப் பெண்டாட்டி சொன்னால் அவர் ஆயுசு குறையுமாம். சரோஜாதான் சொன்னாள்.)

— 1940இல் சொந்தக்காரர்களைப் பார்க்கத் திருச்சிப் பக்கம் போனவர், அங்கேயே இந்தியப் பட்டாளத்தில் சேர்ந்துவிட்டார். சரோஜாவுக்கு அப்போது ஒரு வயது.

— சிங்கப்பூர் விழுந்தபோது கைதி.

— 1943 கடைசியில் கைதி முகாமிலிருந்து ஒரு கார்டு. அதோடு சரி.

முன்பிருந்த கிளாக்கர் மூன்று தடவை எழுதிக் கேட்டிருக்கிறார். மூன்றுக்கும் ஒரே பதில்: அந்தப் பெயரில் பலர் இருக்கிறார்கள், பட்டாள நம்பர் இல்லாமல் தேட இயலாது. கிளாக்கர் அதோடு கட்டி வைத்துவிட்டார். மனுஷன் யோசிக்க வேண்டாமா? கைதி எழுதிய கார்டில் நம்பர் இல்லாமலா இருக்கும்?

வெள்ளிக்கிழமை போய்ப் பார்க்க வேண்டும். தலைவலி மாத்திரை தீர்ந்தது, டிஸ்பென்சர் ஐயாவிடம் சொல்ல.

ஜூன் 14, வெள்ளி

இதை எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சாயந்தரம் ஏழாம் லயத்துக்குப் போனேன். வ. குளித்து விளக்கேற்றியிருந்தாள். முருகன் படத்துக்குப் பக்கத்திலிருந்து கார்டை இரண்டு கையாலும் எடுத்துக் கொடுத்தாள். மேல் பாதியில் அச்சடித்த ஆங்கில வரிகள். கீழ்ப் பாதி தெரியவே இல்லை. சந்தனமும் குங்குமமும் ஏடு ஏடாக ஏறி, காய்ந்து, கனத்துப் போயிருந்தது.

"வெள்ளிக்கு வெள்ளி வெச்சிருவேங்க. அவருக்குப் படம் இல்லையே."

கார்டு வந்த அன்று கிளாக்கர் விரலை வைத்து, "இதுதான் ஒம் புருசன் பேரு" என்று காட்டினாராம். படமென்றால் நெற்றியில் வைப்பார்கள். இவள் அந்த இடத்தில் வைத்திருக்கிறாள், பதினாலு வருஷத்து வெள்ளிக்கிழமைகள். நம்பரும் அங்கேதான் இருக்க வேண்டும்.

நான் என்ன செய்தேன்? பையிலிருந்து பஞ்சையும் ஸ்பிரிட் போத்தலையும் எடுத்தேன். "ஒரு நிமிஷம், துடைச்சிட்டா தெரிஞ்சிரும்" என்றேன். ஊசி போடுவதற்கு முன் பிள்ளைகளிடம் சொல்கிற அதே குரல்.

வ. கார்டைப் பிடுங்கி நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். சரோஜாதான் பேசினாள்.

"மிஸியம்மா, அவரு மேல அம்மா வெச்ச குங்குமத்தையா தொடைக்கச் சொல்றீங்க?"

அப்போதுதான் உறைத்தது. வேதக்காரி நான், பொட்டு வைக்காதவள். புருஷன் செத்தால் இவர்கள் எதைத் துடைப்பார்கள் என்பது எனக்குத் தெரியாதா? எத்தனை சாவு வீட்டில் நின்றிருக்கிறேன். ஸ்பிரிட் போத்தலை மூடிக்கொண்டு மழையிலேயே வந்துவிட்டேன்.

ஜூன் 16, ஞாயிறு

சரோஜாவிடம் ஒரு டின் பால் கொடுத்தனுப்பினேன். திரும்பி வந்தது. "எங்க வீட்ல பாலுக்குக் கொறைச்சல் இல்லன்னு அம்மா சொல்லச் சொன்னாங்க." கோபம். நியாயமான கோபம். ஒன்பது வருஷம் இவர்கள் பிள்ளைகளையெல்லாம் என் கையில் ஏந்தி என்ன பிரயோசனம், நாக்கை ஏந்தத் தெரியவில்லை.

கோழி இன்றும் முட்டையிடவில்லை.

ஜூன் 21, வெள்ளி

வேலை விட்டு, குளித்து, வ. தானாகவே வந்தாள். முகத்தில் இவ்வளவு பெரிய பொட்டு. மடியிலிருந்து ஒரு துண்டு வாழையிலையைப் பிரித்தாள். உள்ளே கார்டு. சுத்தமாக.

"தொடைக்கலைங்க," என்றாள். "எடுத்துக்கிட்டேன்."

விளக்குக்கு முன் உட்கார்ந்து, வெற்றிலைக் காம்பால் கொஞ்சங் கொஞ்சமாகக் கிள்ளி, முதலில் தன் நெற்றியில், பிறகு தாலியில் வைத்துக்கொண்டாளாம். மிச்சத்தைச் சிமிழில் போட்டு மூடி வைத்திருக்கிறாள்.

"அவருக்கு வெச்சது எனக்கு வந்துருச்சு. ஒரு துளி கீழ விழல."

நான் கண்ணாடியைத் தேடுவது போல் மேசை லாச்சியில் வெகுநேரம் குனிந்திருந்தேன். கண்ணாடி மூக்கில்தான் இருந்தது.

நம்பர் கிடைத்தது! சிவப்புக் கறைதான், ஆனாலும் வாசிக்க முடிகிறது. கடைசி இலக்கம் மட்டும் மூன்றா எட்டா, சந்தேகம். இரண்டையும் எழுதிப் போட வேண்டியதுதான்.

இன்னொன்றும் கிடைத்தது. கடைசி அச்சு வரி: 'என் அன்பு' என்று தொடங்கி, யாருக்கு என்று நிரப்ப இடம் விட்டிருந்தது. அந்த இடத்தில் ஆங்கில எழுத்தில், யாரையோ கேட்டு எழுதின மாதிரி, ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியாக: சரோஜா அம்மா. வாசித்துச் சொன்னேன்.

"அப்பிடியா போட்டிருக்காரு?"

"ஆமா வள்ளி. சரோஜா அம்மாவுக்கு என் அன்புன்னு."

"எம்பேரு சொல்ல மாட்டாரு. சரோசா அம்மான்னுதான் கூப்புடுவாரு." பிறகு கொஞ்சம் பொறுத்து, "அந்தக் கிளாக்கரையா, நல்லாயிருக்காராம், போன்னு மட்டுந்தான் சொன்னாரு."

முதல் வரியோடு நிறுத்தியிருக்கிறார், பாவி. அதன் மேல் இவள் குங்குமம் வைத்து மூடிவிட்டாள். 1943இல் போட்ட கடிதம் இன்றுதான் சேர வேண்டியவளிடம் சேர்ந்தது. வ. வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள், புதுப்பெண் மாதிரி. நான்தான் அழுதேன். "என்னாங்க மிஸியம்மா, நீங்க போயி," என்று அவள் எனக்குத் தேத்தண்ணி ஊற்றிக் கொடுத்தாள்.

ஜூன் 24, திங்கள்

ஆபீஸ் டைப்ரைட்டரில் இரண்டு கடிதம், இந்தியப் பட்டாள ஆபீசுக்கு. மூன்றுக்கு ஒன்று, எட்டுக்கு ஒன்று. இப்போதிருக்கும் கிளாக்கர் வாசலில் காவல். "தொரை வந்தா எனக்கு ஒண்ணும் தெரியாது மிஸி." ஆனால் புது ரிப்பன் அவரே மாட்டிக் கொடுத்தார்.

ஜூலை 19, வெள்ளி

பதில் இல்லை. மேல் டிவிசனில் அம்மை. கால் முழுக்கச் சேறு. வ.வை மருந்து கட்டும் காம்பராவில் பார்த்தேன், விரலில் வெட்டு. கார்டுக்கு இப்போதும் குங்குமம் வைக்கிறாயா என்று கேட்டேன்.

"பக்கத்துல வெக்கிறேங்க. எழுத்து மேல வெக்கிறதில்ல. நமக்குப் படிக்கத் தெரியாட்டியும் அது தெரிஞ்சுக்கிட்டிருக்கட்டும்."

ஆகஸ்ட் 12, திங்கள்

வந்துவிட்டது. ஒரே உறையில் இரண்டுக்கும் பதில். மூன்று வேறு யாரோ. எட்டுதான் நம் ஆள்.

சிங்கப்பூரில் பிடிபட்டார். கப்பலில் நியூகினிக்குக் கொண்டுபோனார்கள். அங்கே 1944இல் காய்ச்சலில் இறந்தார். சண்டைக்குப் பிறகு எடுத்து, பட்டாளத்து மயானத்தில் அடக்கம். பெயர் பொறித்த கல் உண்டு. வருந்துகிறோம்.

மூன்று தடவை வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் வேறு மாதிரி இருக்குமோ என்று. அப்படியானால் கார்டு வந்து சில மாதத்திலேயே! இவள் வைத்த குங்குமம் அநேகமாக எல்லாமே செத்தவருக்கு.

கல்யாணம் 25ஆம் தேதி. இன்னும் பதின்மூன்று நாள். கடிதம் பைபிளுக்குள்.

ஆகஸ்ட் 15, வியாழன்

மாதா திருநாள். பூசையில் ஒன்றும் காதில் ஏறவில்லை. நான் பொய் சொல்லவில்லை, உண்மையும் சொல்லவில்லை. எதுன்னாலும் தெரிஞ்சாப் போதும் என்றவளிடம் மறைக்கிறேன். சொன்னால் சொந்த மகள் கல்யாணத்தில் பந்தலுக்குப் பின்னால் நிற்பாள். கொழுந்து நிறுக்கும் மடுவத்தில் தூரத்தில் அவளைக் கண்டால் வேறு பாதையில் நடக்கிறேன். நல்ல நர்ஸ்!

ஆகஸ்ட் 18, ஞாயிறு

வ. வந்தாள். வாசலிலேயே நின்றாள்.

"தபால்காரரு சொன்னாரு. மூணு சிங்கம் போட்ட நீளக் கவராம்."

"உள்ள வா வள்ளி. தேத்தண்ணி குடி."

"பாத்தீங்களா. விரல்ல வெட்டுப் பழுத்திருக்கு, நீங்க என்னைய ஏசவே இல்ல." விரலைக் காட்டினாள். உண்மைதான், நான் அதைப் பார்க்கவே இல்லை.

கடிதத்தை எடுக்க எழுந்தேன். கையைப் பிடித்துவிட்டாள்.

"இப்ப வேணாங்க. சரோசா கழுத்துல தாலி ஏறட்டும். தேடிக்கிட்டிருக்கோம்னுதான் மாப்பிள்ள வீட்டுல சொல்லியிருக்கேன். மக்கா நாள், விடிஞ்சதும் நானே வாறேன். அப்ப வாசிங்க."

"வள்ளி, அது…"

"அது வரைக்கும் எனக்கு யாரும் ஒண்ணும் சொல்லல மிஸியம்மா. நீங்களும் சொல்லல."

மருந்து கட்டிவிட்டேன். கட்டும்போது நன்றாக ஏசினேன். இரண்டு பேருக்கும் அது தேவைப்பட்டது.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

கல்யாணம். மழை விட்டுக் கொடுத்தது. தோட்டத்துக் கோயில், சாப்பாட்டில் உப்பு கொஞ்சம் தூக்கல்.

ஆரத்தி எடுத்தது வ.தான். அட்சதை போட்ட பிறகு மடியிலிருந்து அந்தச் சிமிழை எடுத்து, சரோஜா நெற்றியில் வைத்தாள். "அப்பா குடுத்தது," என்று அவள் காதில் சொன்னது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது. சிமிழைக் கவிழ்த்துத் தட்டி, விரலில் ஒட்டிய கடைசித் தூளை மாப்பிள்ளைக்கும் வைத்தாள்.

ஆகஸ்ட் 26, திங்கள்

வெயில். ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்குப் போகாமல் வ. வந்தாள், தலை குளித்து. நெற்றியில் நேற்றைய பொட்டு இல்லை. யாரையும் துடைத்துவிட விடவில்லை, தானே குளித்து வந்திருக்கிறாள். நோயாளிகள் உட்காரும் பெஞ்சில் உட்கார்ந்தாள். நான் பைபிளைத் திறந்து கடிதத்தை எடுத்தேன்.

"எரிச்சாங்களா, பொதைச்சாங்களா?"

"புதைச்சாங்க. கல் நட்டிருக்காங்க."

"கல்லுல முத்துசாமின்னு எழுதியிருக்கா?"

அவள் வாயில் அந்தப் பெயரை நான் கேட்டதே இல்லை.

"எழுதியிருக்கு வள்ளி."

"அப்ப வாசிங்க."