மஞ்சள் சட்டை

பெரியவனின் அப்பாவுக்கு,

போன மாதம் வீடியோ அழைப்பில் நம் இரட்டையரில் பெரியவன் நடந்ததும், "சின்னவன் மட்டும் ஏன் நடக்கல? ரெண்டும் ஒரே அச்சுதானே!" என்று எரிந்து விழுந்தீர்கள். உங்கள் அக்காவுக்கா யோசனைக்குப் பஞ்சம்? கேமராவுக்கு மறைவாகச் சின்னவனின் மஞ்சள் சட்டையைக் கழற்றிப் பெரியவனுக்கே மாட்டி, மறுபடி நடக்கவிட்டார். நீங்கள் கைதட்டினீர்கள்.

இன்று காலை சின்னவன் கட்டிலைப் பிடித்திருந்த கையை விட்டுவிட்டு, தள்ளாடித் தள்ளாடி என் மடியில் வந்து விழுந்தான். உடனே உங்களை அழைத்தேன்.

"இதத்தான் அன்னைக்கே பாத்துட்டேனே. வேலையில இருக்கேன், வை" என்றீர்கள்.

அன்று சட்டையைப் பறிகொடுத்தவன் என் இடுப்பில் கதறிக்கொண்டிருந்தான். அழுவது யார் என்று நீங்கள் கேட்கவே இல்லை.

இப்படிக்கு,
சின்னவனின் அம்மா