பாசி என்று சொல்லாமல் விட்டது

அன்பு மகளுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே எல்லோரும் நன்றாகத்தான் இருக்கிறோம், அங்கே உனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லையே? அப்பாவுக்குக் கண் கட்டைப் பிரித்துவிட்டார்கள், இப்போது என் சமையலில் கிடக்கும் தலைமுடியெல்லாம் அவருக்குத் தெரிகிறது. தம்பி வேலைக்கு ஒழுங்காகப் போகிறான். போனில் பேச முகமில்லை, அதனால்தான் எழுதுகிறேன். அன்றைக்கு நீ வீடியோவில் கூப்பிட்டபோது நான் வேலை பார்க்கும் நீச்சல்குளத்தில் துணி மாற்றும் அறையில் டிக்கெட் கவுண்டர் அக்காவோடு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். நீ ரப்பர் பூட்ஸும் பச்சை தெறித்த கோட்டுமாக நின்றாய். அக்கா எட்டிப் பார்த்து, என்ன மருந்து கண்டுபிடிக்கிறாய் என்று உன்னைக் கேட்டாள். நீ என் முகத்தைப் பார்த்தாய். "கண்டுபிடிச்சதும் முதல்ல உங்களுக்குத்தான் சொல்வேன் பெரியம்மா" என்று சிரித்துவிட்டுப் போனை வைத்தாய். என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. அதற்கப்புறம் நீ கூப்பிடவும் இல்லை.

ஆமாம், நான்தான் எல்லோரிடமும் மருந்து ஆராய்ச்சி என்று சொல்லிவைத்திருந்தேன். இந்தக் குளத்துச் சுவரில் பாசி தேய்த்துத் தேய்த்து என் நகமெல்லாம் தேய்ந்துவிட்டது, என் பெண்ணும் அவ்வளவு படித்து, கடல் தாண்டிப் போய்ப் பாசிதான் வழிக்கிறாள் என்று சொல்ல வாய் வரவில்லை. நீ போனை வைத்த பிறகு சாப்பாட்டு டப்பாவை மூடிவைத்தேன். "மருந்து இல்லக்கா. தண்ணியிலேர்ந்து பாசியைப் பிரிச்செடுக்கிறா. நான்தான் பொய் சொன்னேன்" என்று சொல்லிவிட்டேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், அவள் எப்படிப் பிரிப்பார்கள் என்று கேட்டாள். கண்ணுக்கே தெரியாத பாசி, துணியில் வடிகட்டினால் நிற்காது, எதையோ கலந்தால் கட்டி கட்டியாகச் சேர்ந்து அடியில் படியும், இல்லையென்றால் கீழிருந்து காற்றுக் குமிழி விட்டு மிதக்கவைத்து மேலாக வழித்தெடுப்பார்கள், துணி பிழியும் மிஷின் மாதிரி சுழற்றியும் எடுப்பார்கள் என்று நீ எப்போதோ சொன்னதை ஞாபகம் இருந்த வரை சொன்னேன். அப்புறம் அந்தப் பாசியை என்ன செய்வார்கள் என்றாள். எனக்குத் தெரியவில்லை. நீ சொல்லிக்கொண்டே அந்த இடத்துக்கு வரும்போதெல்லாம் சாப்பிட்டாயா என்று கேட்டுப் பேச்சை மாற்றியவள் நான்தானே. "பெத்த பொண்ணுகிட்ட இதைக் கேட்கலையா" என்று அக்கா மெதுவாகத்தான் கேட்டாள். பொய் சொன்னதைவிட இதுதான் எனக்குப் பெரிய வெட்கம்.

ஈரத்திலேயே நிற்காதே, கால் விரல் இடுக்கைத் துடைத்துவிட்டுப் படு. எந்தக் குறையும் இல்லாமல் நீ நன்றாக இருக்க வேண்டும். மறக்காமல் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு, சேர்த்தெடுத்த பாசியை என்ன செய்வீர்கள் என்று சொல். அக்காவுக்காகக் கேட்கவில்லை. நீ சொல்லி முடிக்கும் வரை குறுக்கே பேச மாட்டேன்.

இப்படிக்கு,
உன் அம்மா